‘இன்று மாலை 4 மணிக்கு’ என்றால் எந்த இன்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நண்பர்கள் வட்டத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் இப்போது முதலில் வந்து விழுவது வாட்ஸ்அப் குரூப்பில்தான். கூடப் படித்தவர்கள், ஓய்வு பெற்ற அலுவலக நண்பர்கள், காலை நடைக்கு வருகிறவர்கள் என்று ஆளுக்கு நாலைந்து குரூப். செய்தி போகிற வேகத்தில் குறையே இல்லை. ஆனால் போய்ச் சேருவது பாதிச் செய்திதான். யார் தவறினார், எந்த ஊரில், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. ‘ஓம் சாந்தி’ மட்டும் வரிசையாக நிற்கும். அக்கறை இல்லாததால் இப்படி நடக்கவில்லை. எழுதும் விதத்தில் உள்ள சின்னச் சின்னப் பிழைகள்தான் காரணம். அவற்றைத் திருத்துவது எளிது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாவுச் செய்தியில்தான் பிழை அதிகம். அதன் விளைவும் பெரிது. முதல் சிக்கல் பெயர். ‘நம்ம குமார் அப்பா தவறிட்டார்’ என்று ஒருவர் போடுகிறார். நூறு பேர் உள்ள குரூப்பில் மூன்று குமார் இருப்பார்கள். அடுத்த நிமிடமே ‘ஆழ்ந்த இரங்கல் குமார்’ என்று பதில்கள் வரத் தொடங்கும். ஒருவர் துக்கப் படம் எடுத்துப் போட வேண்டும் என்று நினைத்து, கையில் இருக்கும் குமாரின் புகைப்படத்தையே போட்டு விளக்கும் பூவும் சேர்த்துவிடுவார். மாலையில் குரூப்பைத் திறக்கிறவர் கடைசி நாலு செய்தியைத்தான் பார்ப்பார். அதில் இருப்பது குமாரின் படமும் இரங்கலும். குமாரே போய்விட்டார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். வேறு குரூப்புக்கும் அப்படியே போகும்.

ஆகவே முதல் வரியில் இறந்தவரின் பெயர் வர வேண்டும். அதன் பிறகுதான் நண்பரின் பெயர். நண்பரைக் குறிக்க இனிஷியலும், படித்த பிரிவு அல்லது வேலை பார்த்த இடமும் சேரட்டும். கல்லூரி நண்பர்களுக்குள் பட்டப்பெயர்தான் மிக நிச்சயமான அடையாளம். துக்கச் செய்தியில் அதைப் போடலாமா என்று தயங்குவார்கள். தாராளமாகப் போடலாம், ஆள் மாறுவதைவிட அது மேல். இரங்கல் சொல்கிறவர்களும் வெறும் பெயரைப் போடாமல், மூலச் செய்தியை வலப்பக்கம் தள்ளி, அதற்குப் பதிலாகவே எழுத வேண்டும். அப்படிச் செய்தால் மேலே எந்தச் செய்திக்கு இந்தப் பதில் என்பது கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பிறந்தநாள் வாழ்த்தும் சாவுச் செய்தியும் அடுத்தடுத்து விழுந்த நாளில் இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாக் குரூப்புக்கும் தெரியும்.

இரண்டாவது, நேரம். துக்க வீட்டில் மூன்று நேரங்கள் உண்டு. உடலைப் பார்வைக்கு வைத்திருக்கும் நேரம், வீட்டிலிருந்து எடுக்கும் நேரம், மயானத்தில் தகனம் அல்லது அடக்கம் நடக்கும் நேரம். ‘தகனம் 4 மணி’ என்று மட்டும் போட்டால், வெளியூர்க்காரர் சரியாக 4 மணிக்கு வீட்டுக்கு வந்து நிற்பார். அங்கே பெண்கள் வாசல் கழுவிக்கொண்டிருப்பார்கள். எந்த இடத்தில் எந்த நேரம் என்று பிரித்து எழுத வேண்டும். நேரம் முடிவாகாமல் ஊகத்தில் போடவும் கூடாது. நகரத்தில் மின்மயானத்தில் நேரம் வாங்கிய பிறகுதான் எடுக்கும் நேரம் தெரியும். மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள்; விமானம் தாமதமானால் எல்லாமே தள்ளிப்போகும். முதல் செய்தியில் ‘எடுக்கும் நேரம் பிறகு தெரிவிக்கப்படும்’ என்று போட்டு, முடிவானதும் இரண்டாவது செய்தி போடுவதே முறை. முதல் செய்தியிலேயே ‘மாலை 4 மணி இருக்கும்’ என்று எழுதிவிட்டால், பிறகு எத்தனை திருத்தம் போட்டாலும் ஊரெல்லாம் சுற்றுவது அந்த 4 மணிதான்.

மூன்றாவது, இந்த ‘இன்று’. வாட்ஸ்அப்பில் செய்தியை ஃபார்வர்ட் செய்யும்போது, முதலில் எழுதப்பட்ட தேதியும் நேரமும் கூடப் போகாது. வந்து சேர்ந்த நேரம்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை எழுதிய ‘இன்று மாலை 4 மணிக்கு’ புதன்கிழமை காலையில் வேறொரு குரூப்பில் விழுந்தால், அங்கே உள்ளவர்களுக்கு அது புதன்கிழமை மாலை. பேருந்து பிடித்து வந்துவிடுவார்கள். ஒரு செய்தியிலும் இன்று, நாளை, நேற்று வரக்கூடாது. தேதி, மாதம், கிழமை மூன்றும் எழுத வேண்டும். கிழமை எதற்கு என்றால், எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது, இடம். லொக்கேஷன் அனுப்புகிறேன் என்று சென்னையில் இருக்கும் நண்பர் தான் நிற்கிற இடத்தை அனுப்பிவிடுகிறார். சாவு வீடு மன்னார்குடியில். ‘தற்போதைய இருப்பிடம்’ என்பது அனுப்புகிறவரின் கைப்பேசி இருக்கும் இடம். அதைத் துக்க வீட்டு வாசலில் நிற்பவர்தான் அனுப்ப வேண்டும். ‘லைவ் லொக்கேஷன்’ இதற்கு உதவவே உதவாது. அது 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்ற கணக்கில் முடிந்துபோகும். அனுப்பியவர் டீ குடிக்கப் போனால் வீடும் கூடவே டீக்கடைக்கு நகர்ந்துவிடும். தூரத்திலிருந்து அனுப்புவதானால், கூகுள் மேப்பில் அந்த வீட்டின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, விழும் சிவப்புக் குறியைப் பகிரலாம். அதோடு எழுத்திலும் அடையாளம் வேண்டும்: எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்குவது, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரேயா, ரேஷன் கடைக்குப் பின்னாலா. ஊருக்குள் சிக்னல் இல்லாமல் மேப் நின்றுபோனால் வழி கேட்க அதுதான் கை கொடுக்கும்.

தொடர்புக்கு என்று பெற்றவரை இழந்த நண்பரின் எண்ணையே போடுவது பெரிய கொடுமை. கொள்ளி வைக்கப் போகிறவரைக் கூப்பிட்டு ‘எந்த வழியா வர்றது?’ என்று ஐம்பது பேர் கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் ஒரு நண்பரின் எண்ணை அவரைக் கேட்டுப் போட வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஆறேழு வரிதான் வரும். ஒரு மாதிரி காட்டுகிறேன்: ‘துக்கச் செய்தி. திரு. … (வயது 78) 12.3.2024 செவ்வாய் காலை 6 மணிக்கு இயற்கை எய்தினார். இவர் நம் பி பிரிவு எஸ். குமாரின் (வாத்து) தந்தை. உடல் வீட்டில் வைக்கப்பட்டுள்ளது: வடக்குத் தெரு, தண்ணீர்த் தொட்டி எதிரில், மன்னார்குடி. வீட்டிலிருந்து எடுக்கும் நேரம் 12.3.2024 செவ்வாய் மாலை 4 மணி. வழி கேட்க: …’ இவ்வளவுதான். இலங்கைத் தமிழர்களின் மரண அறிவித்தல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. பிறப்பிடம், வசிப்பிடம், யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய தந்தை, கிரியை எங்கே எப்போது, கடைசியில் ‘தகவல்: குடும்பத்தினர்’ என்று அவர்கள் ஒன்றும் விடுவதில்லை. நாம் நீளமாக இருக்கிறதே என்று சிரிப்போம். ஆனால் அதைப் படித்தவர் யாரும் ‘எந்தக் குமார்?’ என்று கேட்க மாட்டார். நம் ஊரிலும் சொல்லுக்குக் காசு வாங்கிய தந்தியில் ஊர், பெயர், நேரம் தப்பாமல் இருந்தது. தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது. காசில்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்று வந்த பிறகு, வேண்டியதை விட்டுவிட்டு உருகுகிறோம்.

எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ‘குரூப்பில் போடலாமா?’ வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இரங்கல் போட்டது பல குரூப்புகளில் நடந்திருக்கிறது. உண்மையிலேயே உயிர் போயிருந்தாலும், வீட்டில் உள்ள வயதான தாய்க்கு இன்னும் சொல்லாமல் இருக்கலாம். வெளியூரில் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பேத்தி அதே செய்தியைத் தன் கைப்பேசியில் பார்த்துவிடலாம். குடும்பத்தில் ஒருவர் ‘போடுங்க’ என்ற பிறகே போட வேண்டும். அதற்கும் முன்னால், நெருங்கிய ஐந்தாறு பேருக்கு வாயால் சொல்லிவிட வேண்டும். நாற்பது வருடம் கூடப் பழகியவர் ‘குரூப்பைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது’ என்று சொன்னால் அந்த வருத்தம் லேசில் போகாது. பழைய நட்புகளில் விரிசல் விழுந்த கதையைக் கிளறினால் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து நிற்கும்.

தப்பாகப் போய்விட்டால்? அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் கிடைக்கும். எல்லோருக்கும் சேர்த்து நீக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல். ஆனால் ஏற்கெனவே ஃபார்வர்ட் ஆன பிரதிகளை இரண்டுமே தொடாது. அதனால் ஓசைப்படாமல் நீக்கிவிட்டு இருப்பது சரியல்ல. ‘திருத்தம்’ என்று தொடங்கி, எது தவறு, எது சரி என்று புதிதாக எழுதி, முந்தைய செய்தியை அனுப்பிய ஒவ்வொரு குரூப்பிலும் போட வேண்டும். தவறான செய்தியை யார் போட்டிருந்தாலும் அட்மின் நீக்க முடியும். சரியானதை ‘பின்’ (pin) செய்து, குரூப்பின் உச்சியிலேயே நிற்க வைக்கவும் முடியும். அது அங்கே நிற்க 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று அளவு உண்டு. சாவுக்கு 24 மணி, கல்யாணத்துக்கு 30 நாள். ‘பின்’ செய்தால் மேலே தெரிவது செய்தியின் தொடக்கம் மட்டுமே. ‘அன்பு நண்பர்களே, மிகுந்த வருத்தத்துடன்…’ என்று தொடங்கியிருந்தால் அங்கே வருத்தம் மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது.

அட்மின்கள் பலர் கவனிக்காத வசதி இன்னொன்று. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து ‘தகவல்’ பகுதிக்குப் போனால் யார் யார் படித்தார்கள், யாருக்கு வந்தும் படிக்கவில்லை என்று பெயர் வாரியாகத் தெரியும். நீலக் குறியை அணைத்து வைத்திருந்தாலும் குரூப்பில் அது மறையாது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அந்தப் பட்டியலைப் பார்த்து, படிக்காதவர்களில் நெருங்கியவர்களுக்கு மட்டும் போன் போட்டால் வேலை முடிந்தது.

நல்ல செய்திக்கு வருகிறேன். கல்யாணப் பத்திரிகையைப் படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதன் அளவைக் குறைத்துவிடும்; மண்டபத்தின் முகவரி எறும்பு வரிசையாகக் கலங்கிப்போகும். ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்பினால் தெளிவு குறையாது. இருந்தாலும் படத்துக்குக் கீழே நாலு வரி தட்டச்சு செய்வது அவசியம். வரவேற்பு முதல் நாள் மாலை, முகூர்த்தம் மறுநாள் காலை என்பது நம் பக்கத்து வழக்கம்; பத்திரிகையில் பெரிய எழுத்தில் இருப்பது முகூர்த்தத் தேதி. மாலை வரவேற்புக்கு மட்டும் வரப்போகிற நண்பர் அந்தத் தேதி மாலையில் வந்தால் மண்டபத்தில் அடுத்த கல்யாணத்துக்காரர்கள் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருப்பார்கள். அதிகாலை முகூர்த்தம் என்றால் ‘புதன் இரவு விடிந்தால் வியாழன்’ என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அதைப் போல் குழப்பமில்லாத தொடர் வேறு கிடையாது.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் அழைப்பு அனுப்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். கைப்பேசியை மாற்றி எண்களைத் தொலைத்த நண்பருக்கு அழைப்பு வரவே வராது. அவர் ‘கூப்பிடவே இல்லை’ என்பார், நீங்கள் ‘அனுப்பினேனே’ என்பீர்கள். இருவர் சொல்வதும் உண்மை.

அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் மோசடிக் கோப்பையும் இங்கே சொல்ல வேண்டும். பத்திரிகை என்றால் அது படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் இருக்கும். கோப்பின் பெயர் ‘.ஏபிகே’ (.apk) என்று முடிந்தால் அது ஆண்ட்ராய்டில் நிறுவிக்கொள்ளும் செயலி. திறந்தால் ‘தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை அனுமதிக்கவா’ என்று கைப்பேசி கேட்கும். கல்யாணப் பத்திரிகை பார்க்க எந்த அனுமதியும் தேவையில்லை. அனுமதித்தால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி குறுஞ்செய்திகள் மோசடிக்காரர்கள் கைக்குப் போய்விடும். தெரிந்த நண்பரின் எண்ணிலிருந்தே இது வரும், ஏனென்றால் அவருடைய கைப்பேசி முன்பே மாட்டியிருக்கும். அடுத்த வகை, ‘ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாக 10,000 அனுப்பு’ என்று நண்பரின் படம் வைத்த எண்ணிலிருந்து வருவது. அவருடைய பழைய எண்ணுக்கு நாமே போன் போட்டு, குரலைக் கேட்ட பிறகு அனுப்பினால் போதும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு. வாட்ஸ்அப் அமைப்பில் ‘இரண்டு படிச் சரிபார்ப்பு’ என்று 6 இலக்கக் குறியீடு வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை எல்லா உறுப்பினரும் போட்டுவிட்டார்களா என்று ஒரு நாள் அட்மின் கேட்டால் நல்லது.

உடம்புக்கு முடியாதவர் செய்தியில் நோயின் விவரம் யாருக்கும் தேவையில்லை. எந்த மருத்துவமனை, பார்க்க வரலாமா கூடாதா, வரலாம் என்றால் எந்த நேரம், இப்போது என்ன உதவி வேண்டும் என்பதுதான் வேண்டும். ‘பார்க்க வர வேண்டாம், இரவு துணைக்கு ஒருவர் இருந்தால் போதும்’ என்று எழுதினால் பத்து ஆப்பிள் பைக்குப் பதிலாக ஒரு ஆள் வருவார். மூக்கில் குழாயோடு படுத்திருப்பவரைப் படம் எடுத்துப் போடுவதும், கேஸ் ஷீட்டைப் படம் எடுத்துப் போடுவதும் வேண்டவே வேண்டாம். பிழைத்து வந்து அவரே அதைப் பார்ப்பார்.

ரத்தம் தேவை என்ற செய்திதான் சாகாவரம் பெற்றது. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய் வருடங்கள் ஆன பிறகும் சுற்றும். நோயாளி பெயர், ரத்தப் பிரிவு பாசிட்டிவா நெகட்டிவா, முழு ரத்தமா தட்டணுக்களா, எத்தனை யூனிட், மருத்துவமனையும் ஊரும், எந்தத் தேதி எத்தனை மணிக்குள், கூட இருப்பவர் எண் ஆகியவை இருக்க வேண்டும். ஊர்ப் பெயர் இல்லாத ‘அரசு மருத்துவமனை’யால் யாருக்கும் பயனில்லை. முழு ரத்தம் கொடுப்பவர் 18 வயதிலிருந்து 65 வயதுக்குள், எடை குறைந்தது 45 கிலோ, முன்பு கொடுத்து ஆண் என்றால் மூன்று மாதமும் பெண் என்றால் நான்கு மாதமும் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் கீழே சேர்த்தால், போய்த் திரும்பி வருகிறவர்கள் குறைவார்கள். கிடைத்ததும் ‘கிடைத்துவிட்டது, இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்’ என்று போட்டு, மூலச் செய்தியை நீக்கிவிட வேண்டும்.

மருத்துவச் செலவுக்குப் பணம் திரட்டினால், திரட்டுகிறவர் கணக்கைவிட நோயாளியின் குடும்பத்தார் கணக்குக்கே நேராகப் போவது நல்லது. க்யூஆர் படத்தோடு, ஸ்கேன் செய்தால் திரையில் வரும் பெயர் எது என்றும் எழுதிவிட்டால் சந்தேகம் வராது. யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் மட்டும் வேண்டாம். மொய் நோட்டுக்கு ஒரு கணக்கு உண்டு, திருப்பிச் செய்ய வேண்டும். இதற்கு அது இல்லை. ஐநூறு கொடுத்தவர் அடுத்த முறை பேசாமல் ஒதுங்கிவிடுவார். மொத்தத் தொகையைச் சொன்னால் போதும்.

குழந்தை பிறந்தது, வேலை கிடைத்தது, வேலை போனது, மணமுறிவு எல்லாம் யாருடைய செய்தியோ அவர் வாயால் வரட்டும். பிரசவ வார்டு வாசலில் தகப்பன் போனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ‘சிங்கக்குட்டி பிறந்தாச்சு’ என்று வேறொருவர் ஸ்டேட்டஸ் வைப்பது இப்போது அதிகமாகிவிட்டது. அவருக்கு அதில் என்ன சந்தோஷமோ!

கடைசியாக, உங்கள் நாளிதழுக்கே ஒரு வேண்டுகோள். நீங்கள் வெளியிடும் காலமானார் அறிவிப்புகளை வாசகர்கள் கைப்பேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். பக்கத்தின் உச்சியில் உள்ள தேதி அந்தப் படத்தில் வருவதில்லை. கட்டம் மட்டும் வருகிறது. கட்டத்துக்குள் ‘இன்று பிற்பகல் 3 மணியளவில்’ என்றே அச்சாகிறது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கீழ் ஓரத்தில் அன்றைய தேதியையும் கிழமையையும் சிறிய எழுத்தில் போட முடியுமா? ஒரு வரி இடம்கூட வேண்டாம். எட்டுப் புள்ளி எழுத்தில் அரை வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.